மரக்காணத்துச் சேற்றில் பூநாரை

இன்று புதுச்சேரியை அடுத்த பெரிய முதலியார்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போவோம். கிளம்புமுன் இந்தப் பக்கத்துக் குப்பங்களின் கரையை ஒரு பார்வை பாருங்கள். பல இடங்களில் மணலே இல்லை, கருங்கல்தான் கொட்டிக் கிடக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணலைப் புதுச்சேரித் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் மறித்துவிட்டன. மணல் போன கரையில் உள்ளான் பறவை எங்கே மேயும்?

காலாப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை தாண்டினால் மரக்காணம். பாத்தி பாத்தியாக உப்பளம், வரப்போரம் குவித்து வைத்த உப்பு. அதற்கப்பால் பரந்து கிடக்கிறது கழுவேலி ஏரி. மழைக்காலத்தில் சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து சேர்கிறது. எடையன்திட்டு கழிமுகம் வழியாகக் கடலும் உள்ளே வருகிறது. மழை முடிந்த கையோடு நன்னீரைத் தேடி ஊசிவால் வாத்துகள் இறங்கும். தண்ணீர் வற்றி உவர்ப்பு ஏறி, சேறு வெளியே தெரிந்தால் உள்ளானும் உப்புக்கொத்தியும் மேய வரும்.

பூநாரைக்குத் தோதான இடமும் இந்த ஆழமில்லாத உவர்நீர்தான். அது மேய்வதை நின்று பார்க்க வேண்டும். காலால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கும். பிறகு வளைந்த அலகைத் தலைகீழாக நீருக்குள் நுழைத்து, நாக்கை முன்னும் பின்னும் ஓட்டி, தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகோரத்துச் சல்லடையில் பாசியும் பொடி இறாலும் தங்கிவிடும். இறகின் செந்நிறம் அந்த இரை தந்தது. குஞ்சுகள் சாம்பல் நிறம்தான், சிவப்பேறச் சில வருஷம் ஆகும். நம் நாட்டில் இவை சேற்றுமேடு கட்டிப் பெருங்கூட்டமாக முட்டையிடுவது கட்ச் ரண்ணில். அவ்வளவு பெரிய பறவைக்கு நம் கரையில் முழங்கால் ஆழத் தண்ணீர் போதும் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

ஆனால் அந்தத் தண்ணீரும் நிம்மதியாகக் கிடைக்கவில்லை. ஆக்கிரமிப்பு, இறால் பண்ணை, பறவை வேட்டை எல்லாம் சேர்ந்து கழுவேலியை வருத்தின. 2021 டிசம்பரில் தமிழக அரசு 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் கழுவேலி இடம்பெற்றது. வேட்டைக்காரன் வராத சேற்றுக்குப் பறவை தானாகத் திரும்பும், அதை யாரும் அழைக்க வேண்டியதில்லை.

என் கவலை கழிமுகத்தைப் பற்றியது. அங்கே மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மீனவர்களுக்குப் படகு நிறுத்த இடம் வேண்டும், அது நியாயமான கோரிக்கை. ஆனாலும் அதைக் கடல்நீர் வந்துபோகும் வாயிலேயே கட்டக் கூடாது என்பேன். அந்த வாய் அடைபட்டால் உள்ளே உவர்ப்பு மாறும், இரை மாறும், பறவையும் மாறிப்போகும்.

போவதானால் தை, மாசியில், விடியற்காலையில் போங்கள். சாலையோரம் நின்று தொலைநோக்கியில் பாருங்கள். உப்பளத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்டால், எந்தப் பக்கம் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று கைகாட்டுவார்கள்.