வராத விளையாட்டுக்கு ஏன் இந்த ஆரவாரம்?



ஒரு கணினி விளையாட்டு இன்னும் வெளிவரவில்லை. வர இரண்டு வருடம் ஆகலாம், நான்கு வருடமும் ஆகலாம். ஆனாலும் அதன் முன்னோட்டத்தை ஓர் இளைஞன் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான். அதில் வரும் கதாநாயகியின் கழுத்தில் தொங்கும் பதக்கத்தில் இருப்பது எந்த விலங்கின் முகம் என்று நண்பர்களோடு நள்ளிரவு வரை வாதாடுகிறான். வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள்: "வராத ஒன்றுக்கு இத்தனை ஆரவாரமா?"

நியாயமான கேள்வி. அதற்கு நேரான பதிலும் உண்டு. இனி எடுபடாது என்று சந்தை கைவிட்ட ஒரு கதை வடிவத்தை மீட்டுக் கொண்டுவந்தது இந்த ஆரவாரம்தான். நடந்தது என்ன என்று தெரிந்தால், இதைப் பொழுதுபோக்கு வெறி என்று யாரும் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

கதை மேசையில் தொடங்குகிறது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நாலைந்து பேர் கூடி உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாம் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். கணினியின் ரோல் பிளேயிங் விளையாட்டுகள், ரசிகர்கள் சுருக்கமாகச் சொல்லும் ஆர்.பி.ஜி.-க்கள், இந்த மேசையிலிருந்து கிளம்பியவைதான்.

அவற்றின் பொற்காலம் 1990-களின் கடைசி வருடங்கள். 1997-இல் 'ஃபால்அவுட்' வந்தது. 1998 டிசம்பரில் 'பால்டர்ஸ் கேட்' வந்தது. கனடாவின் எட்மன்டன் நகரில் அதை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் மருத்துவர்கள் இருந்தார்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆறு பேர் கொண்ட கூட்டத்தை வழிநடத்த வேண்டும். சண்டை முற்றும்போது ஸ்பேஸ் பாரைத் தட்டினால் உலகமே அப்படியே நிற்கும். யோசித்து, ஒவ்வொருவருக்கும் கட்டளையிட்டு, மறுபடி ஓடவிடலாம். 1999-இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' இன்னும் ஒரு படி மேலே போனது. பிணவறையில் கண்விழிக்கிறான் ஒருவன். தன் பெயர் அவனுக்குத் தெரியாது. அவனுக்குச் சாவும் நிலைப்பதில்லை. கத்தியால் தீர்ப்பதைவிடப் பேச்சால் தீர்ப்பது அதிகமான அந்த விளையாட்டில் படிக்க மட்டும் பல லட்சம் சொற்கள் இருந்தன.

பிறகு வறட்சி. 'பிளேன்ஸ்கேப்' தந்த பிளாக் ஐல் என்ற பிரிவு 2003 டிசம்பரில் இழுத்து மூடப்பட்டது. பாதியில் நின்ற அதன் விளையாட்டுகளோடு ரசிகர்களின் கனவும் நின்றது. பெரிய வெளியீட்டாளர்கள் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கன்சோல்களின் பக்கம் திரும்பினார்கள். மேலிருந்து பார்க்கும் வரைபடம், பத்தி பத்தியாக உரையாடல், நிதானமான சண்டை, இவையெல்லாம் விலைபோகாது என்று கணக்குப் போட்டார்கள். 1988-இல் 'வேஸ்ட்லேண்ட்' என்ற விளையாட்டைத் தந்த பிரையன் ஃபார்கோ, அதன் இரண்டாம் பாகத்துக்குப் பணம் கேட்டு ஏறி இறங்கிய கதவுகள் எதுவும் திறக்கவில்லை. முதலாளி கிடைக்காத அந்த மனிதருக்கு ரசிகர்கள் முதலாளியானார்கள்.

2012 மார்ச் 13 அன்று கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 9 லட்சம் டாலர் கேட்டார் ஃபார்கோ. அந்த இலக்கை எட்டினால் தன் பங்காக இன்னொரு லட்சம் போடுவதாகவும் சொன்னார். நம் பதிப்பாளர்கள் முன்வெளியீட்டுத் திட்டம் என்று அறிவித்து வாசகர்களிடம் முன்பணம் வாங்குவார்களே, அதே முறைதான். இரண்டு நாளுக்குள் இலக்கு நிறைந்தது. முடிவில் சேர்ந்தது 29 லட்சம் டாலருக்கு மேல். கொடுத்தவர்கள் 61,290 பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சுமார் 48 டாலர். எந்தக் கோடீஸ்வரரும் இதைத் தூக்கி நிறுத்தவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர்கள், சின்ன வயதில் ஆடிய விளையாட்டை மறக்காதவர்கள் தூக்கி நிறுத்தினார்கள்.

அந்த வருடம் செப்டம்பரில் அப்சிடியன் நிறுவனம் 'ப்ராஜெக்ட் எடர்னிட்டி' என்று அறிவித்தது. பிளாக் ஐலில் இருந்து வந்தவர்கள் 2003-இல் தொடங்கிய நிறுவனம் அது. காட்டுவதற்கு அவர்கள் கையில் விளையாட்டு எதுவும் இல்லை. சில ஓவியங்களும் பழைய நற்பெயரும்தான் இருந்தன. 73,986 பேர் சேர்ந்து 39 லட்சத்து 86 ஆயிரம் டாலர் கொடுத்தார்கள். 2013 மார்ச்சில் 'பிளேன்ஸ்கேப்' மரபில் இன்னொரு 'டார்மென்ட்' வரும் என்றதும் சுமார் ஏழு மணி நேரத்தில் பத்து லட்சம் டாலர் குவிந்தது. மொத்தம் 41 லட்சத்தைத் தாண்டியது. இடையில் 'ஷேடோரன் ரிட்டர்ன்ஸ்' 18 லட்சம் திரட்டியிருந்தது. ஒரே வருடத்துக்குள் இத்தனை அறிவிப்பு! பத்து வருடம் பாலையில் நடந்தவர்களுக்கு அந்த மாதங்கள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எதற்கு முதலில் பணம் கட்டுவது என்பதே ரசிகனின் தலையாய கவலையாக இருந்தது.

அவர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கவுமில்லை. எடர்னிட்டியின் ஆதரவாளர் எண்ணிக்கை உயர உயர, அதற்குள் வரும் பாதாளக் கோட்டைக்குத் படைப்பாளிகள் தளம் தளமாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் பதினைந்து அடுக்குகளில் வந்து நின்றது. மந்திரம் எப்படி இயங்க வேண்டும், ஓய்வெடுத்தால்தான் வலிமை திரும்ப வேண்டுமா என்பதையெல்லாம் இயக்குநர் ஜோஷ் சாயருடன் ரசிகர்கள் மாதக்கணக்கில் விவாதித்தார்கள். உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு கதையோடு வாசகன் இவ்வளவு நெருக்கமாக நிற்கும் வாய்ப்பு அச்சு இலக்கியத்தில் அபூர்வம்.

அதற்கு விலையும் இருந்தது. அதையும் மேடையில் சொல்லத்தான் வேண்டும். அதிகத் தொகை கொடுத்தவர்கள் தாமே ஒரு பாத்திரத்தை உருவாக்கி விளையாட்டுக்குள் வைக்கலாம் என்று அப்சிடியன் வாக்களித்திருந்தது. விளைவு, 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி' என்ற பெயரோடு அது வெளிவந்தபோது, மையக் கதைக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள் பொன்னிறப் பெயர்ப்பலகையோடு ஊரெங்கும் நின்றார்கள். கதையின் ஓட்டத்தை அது கெடுத்தது. 'டார்மென்ட்' கதையோ இன்னும் வருத்தமானது. 2014 டிசம்பரில் தருவதாகச் சொன்னது 2017 பிப்ரவரியில் வந்தது. வாக்களித்த துணைப் பாத்திரங்கள் சில வரவில்லை. இத்தாலிய மொழியாக்கமும் கைவிடப்பட்டது. அதை நம்பிப் பணம் கொடுத்த இத்தாலியர்களின் கோபம் முழுக்க நியாயமானது. 2018-இல் 'பில்லர்ஸ்' இரண்டாம் பாகம் தரத்தில் உயர்ந்தும் விற்பனையில் சரிந்தது. அந்த வருட நவம்பரில் அப்சிடியனையும் ஃபார்கோவின் இன்எக்ஸைலையும் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது.

அப்படியென்றால் ஆரவாரம் தோற்றுவிட்டதா? இல்லை. இந்த வரிசையில் குறைவாகப் பணம் சேர்ந்த விளையாட்டு ஒன்று இருக்கிறது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் ஸ்வென் வின்கே நடத்தும் லேரியன் ஸ்டுடியோஸ் 2013-இல் 'டிவினிட்டி: ஒரிஜினல் சின்' என்ற விளையாட்டுக்காகக் கேட்டது 4 லட்சம் டாலர், கிடைத்தது 9 லட்சத்து 44 ஆயிரம். கொடுத்தவர்கள் இருபதாயிரம் பேர்கூட இல்லை. அந்த விளையாட்டு 2014 ஜூனில் வந்து நிறுவனத்தை நிமிர்த்தியது. இரண்டாம் பாகத்துக்கு 2015-இல் ரசிகர்கள் 20 லட்சம் டாலர் தந்தார்கள். அது 2017-இல் வந்தது. அதில் தரையில் எண்ணெய் கொட்டியிருந்தால் தீ பற்றும், தண்ணீர் தேங்கியிருந்தால் மின்னல் பாயும், பூட்டிய கதவைச் சாவியாலும் திறக்கலாம், உடைத்தும் திறக்கலாம். ஆடுபவர் எதை யோசித்தாலும் அதற்கு உலகம் பதில் சொல்லும் அந்த நேர்த்தியைப் பார்த்துத்தான் 'பால்டர்ஸ் கேட்' மூன்றாம் பாகம் லேரியன் கைக்கு வந்தது.

அதற்கும் ரசிகர்களின் பொறுமையே துணை நின்றது. 2020 அக்டோபரில் முதல் அங்கம் மட்டும் விற்பனைக்கு வந்தது. லட்சக்கணக்கானோர் அந்த அரைகுறை வடிவத்தை வாங்கி ஆடி, குறை சொல்லி, திருத்தச் சொல்லி, ஏறத்தாழ மூன்று வருடம் காத்திருந்தார்கள். 2023 ஆகஸ்ட் 3 அன்று முழு விளையாட்டும் வந்தது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 8 லட்சத்து 75 ஆயிரம் பேர் அதை ஆடினார்கள். அந்த டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் வருடத்தின் சிறந்த விளையாட்டு என்ற விருதை வாங்க வின்கே இரும்புக் கவசம் அணிந்து மேடை ஏறினார். விலைபோகாது என்று சொல்லப்பட்ட அதே நிதானமான சண்டை, அதே நீளமான உரையாடல், அதே பகடை!

இலக்கிய அன்பர்கள் கூடியிருக்கும் அவை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஸ்டோனியாவின் ராபர்ட் குர்விட்ஸ் 2013-இல் ஒரு நாவல் வெளியிட்டார், அது விற்கவில்லை. அந்த நாவலின் உலகத்தையே எடுத்து நண்பர்களோடு விளையாட்டாக்கினார். 2019-இல் வந்த 'டிஸ்கோ எலிசியம்' அதுதான். நினைவிழந்த ஒரு துப்பறிவாளன். அவன் மனத்தின் 24 திறன்கள் தனித்தனிக் குரலில் அவனோடு பேசும். வழக்கமான சண்டைக் காட்சியே கிடையாது. அந்த வருட தி கேம் அவார்ட்ஸ் விழாவில் போட்டியிட்ட நான்கு பிரிவுகளிலும் அது வென்றது. வாசிக்கத் தயாராக இருக்கும் ஆட்டக்காரர்கள் உலகெங்கும் இருந்ததால்தான் அது நடந்தது. இளைய தலைமுறை வாசிப்பதில்லை என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். பத்து லட்சம் சொற்கள் கொண்ட ஒரு விளையாட்டைக் கடைசிவரை ஆடி முடித்தவர்களைப் பார்த்தும் அப்படிச் சொல்வது சரியில்லை.

இப்போது அடுத்த எதிர்பார்ப்பு. 2024 டிசம்பரில் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 'தி விட்சர் 4' முன்னோட்டத்தைக் காட்டியது. இம்முறை கதையின் மையம் சிரி என்ற பெண். 2027-க்கு முன் வராது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். 2025 டிசம்பரில் லேரியன் மீண்டும் தன் சொந்த 'டிவினிட்டி' உலகுக்குத் திரும்புவதாக அறிவித்தது. அறிவிப்புக்கு முன்பே கலிபோர்னியப் பாலைவனத்தில் நிறுத்திய ஒரு பயங்கரமான சிலையின் படம் வெளியாகி, ரசிகர்களை நாள்கணக்கில் துப்பறிய வைத்தது. அந்த ஆவலில் தவறேதும் இல்லை.

அவசரத்தில்தான் ஆபத்து. இதே சிடி ப்ராஜெக்ட் 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' விளையாட்டைப் பழுதுகளோடு வெளியிட்டது. ஒரு வாரம் கழித்து சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. திரும்பி வர ஆறு மாதம் ஆனது. மாறாக, 2013 அக்டோபரில் வருவதாகச் சொன்ன 'வேஸ்ட்லேண்ட் 2' பதினொரு மாதம் தாமதமாக வந்தது. 2014 ஏப்ரலுக்குச் சொன்ன 'பில்லர்ஸ்' 2015 மார்ச்சில் வந்தது. அந்தத் தாமதத்தை இன்று யாரும் குறையாகச் சொல்வதில்லை.

ஆகவே, காத்திருக்கும் இளையோரே, ஆவலோடு காத்திருங்கள். தேதி தள்ளிப்போனால் படைப்பாளியைத் திட்டாதீர்கள். முன்பணம் கட்டும் முன், கேட்பவர் இதற்கு முன் சொன்னதைச் செய்தவரா என்று பாருங்கள். பெற்றோரே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் மகனிடமோ மகளிடமோ அவர்கள் எதிர்பார்க்கும் விளையாட்டின் கதை என்ன என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல், முழுதாகச் சொல்ல விடுங்கள்.