மஜும்தார்: ஒரு பெயரின் வரலாறு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் சிலம்பின் நயத்தையும் குறளின் திறத்தையும் அறிஞர் பெருமக்கள் எடுத்துரைக்கக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு எளியேனுக்கு அளிக்கப்பட்டுள்ள சிறு பொழுதில், நம்மை வாழ வைத்துக்கொண்டிருக்கும் வங்க நாட்டின் பெயர் ஒன்றைப் பற்றிப் பேச விழைகிறேன். அண்டை வீட்டாரின் பெயரை அறிவதும் ஒரு நன்றிக்கடன் அல்லவா?

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் ஒரு நாள் மாலை, நம் சங்க உறுப்பினர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். முகத்தில் வாட்டம் தெரிந்தது. காப்பியைக் கையில் வாங்கியவர் அருந்தாமலே கேட்டார்: "ஐயா, நீங்கள் இந்நகரில் நாற்பது ஆண்டுகளாக வாழ்கிறீர்கள். மஜும்தார் என்றால் என்ன சாதி?"

அவருடைய மகள் தன்னோடு பணியாற்றும் மஜும்தார் என்னும் இளைஞரை மணக்க விரும்புவதாகக் கூறிவிட்டாள். ஊரிலிருந்து உறவினர் ஓயாது கேட்கிறார்கள். என்ன விடை சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரியவில்லை. "ஒரு வாரம் பொறுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, நூல்களைப் புரட்டலானேன்.

வங்காளிகளின் குடும்பப் பெயர்களுள் சில, சாதியை நெற்றியில் எழுதி ஒட்டியவை போன்றவை. முகோபாத்யாய, சட்டோபாத்யாய, பந்த்யோபாத்யாய என்பன அந்தணர் பெயர்கள். 'உபாத்தியாயர்' என்னும் சொல் அவற்றில் வெளிப்படையாகவே நிற்கிறது. கோஷ், பாசு, மித்ர என்றால் பெரும்பாலும் காயஸ்தர். சேன்குப்தா, தாஸ்குப்தா என்றால் மருத்துவத் தொழிலை மரபாகக் கொண்ட வைத்தியர். ஆனால் மஜும்தார் அவ்வரிசையில் அடங்குவதன்று. அது சாதிப் பெயரே அன்று. அஃது ஓர் உத்தியோகத்தின் பெயர்.

தாசில்தார், ஹவில்தார், ஜமீன்தார் என்னும் சொற்களை நாம் நன்கறிவோம். அவற்றின் ஈற்றில் நிற்கும் 'தார்' பாரசீகச் சொல். உடையவர், வைத்திருப்பவர் என்பது அதன் பொருள். 'மஜ்மூ' என்னும் அரபுச் சொல்லுக்குத் திரட்டப்பட்டது, தொகுக்கப்பட்டது என்று பொருள். ஆகவே மஜ்மூதார் என்பவர் திரட்டிய கணக்கை வைத்திருப்பவர். அதாவது வருவாய்க் கணக்கையும் ஆவணங்களையும் பேணியவர். நம் நாட்டுக் கணக்குப்பிள்ளைக்கும் கர்ணத்திற்கும் அவர் ஒருவகையில் உறவினர்!

இவ்வுத்தியோகம் வங்காளத்திற்கு மட்டும் உரியதன்று. மராட்டிய மன்னர் சிவாஜியின் அமைச்சர் எண்மருள் கணக்குத் துறையைக் கவனித்தவர் முதலில் மஜும்தார் என்றே அழைக்கப்பட்டார். 1674இல் முடிசூட்டு விழாவை ஒட்டிப் பாரசீகப் பட்டங்களுக்கு வடமொழிப் பெயர்கள் சூட்டப்பட்டபோது அவர் 'அமாத்தியர்' ஆனார். குஜராத்திலும் இப்பெயர் உண்டு. பெங்களூரில் பிறந்த தொழிலதிபர் கிரண் மஜும்தார்-ஷாவை வங்காளி என்று எண்ணுவோர் பலர். அவர் குஜராத்திக் குடும்பத்தைச் சேர்ந்தவர். எனவே இப்பெயர் ஒருவரது மாநிலத்தைக்கூட உறுதியாகக் காட்டுவதில்லை.

வங்காளத்திற்கு வருவோம். இங்கே இப்பெயரைத் தாங்கியவர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நதியா அரச குடும்பத்தின் முன்னோர் பவானந்த மஜும்தார், ஜஹாங்கீர் காலத்தவர், அந்தணர். அவர் வழிவந்த மன்னர் கிருஷ்ணசந்திரரின் அவையில்தான் 1752இல் பாரதசந்திரர் 'அன்னதாமங்கல்' காவியத்தைப் பாடினார். பவானந்தர் அதில் ஒரு பாத்திரமாகவே வருகிறார். ஆயினும் கிருஷ்ணசந்திரர் தம் பெயரோடு கொண்டது 'ராய்' என்னும் பட்டம். ஒரே குடியில் ஒரு பட்டம் போய் மற்றொன்று வந்தமர்ந்துவிட்டது!

வரலாற்றறிஞர் ரமேஷ் சந்திர மஜும்தார் (1888-1980) வைத்தியர் குலத்தில் பிறந்தவர். தமிழராகிய நாம் அவரைச் சிறப்பாக நினைத்தல் வேண்டும். கடல் கடந்த நாடுகளில் பரவிய இந்தியப் பண்பாட்டை ஆராய்ந்த அவரது 'சுவர்ணத்வீபம்' என்னும் நூல், இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பையும் விரிவாக ஆய்கிறது. 1907இல் 'டாகுர்மார் ஜுலி' என்னும் நாட்டுப்புறக் கதைத் தொகுதியை வெளியிட்டு வங்கக் குழந்தைகளின் உள்ளத்தைக் கவர்ந்த தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தாரோ காயஸ்தர். அவருடைய பெயரே நம் ஆராய்ச்சிக்குச் சான்று பகர்கிறது: மித்ர என்பது குடி; மஜும்தார் என்பது முன்னோர் பெற்ற பட்டம். பட்டமே சாதியைச் சொல்லிவிடுமானால் இரண்டையும் சேர்த்து வழங்குவானேன்?

இந்துக்களோடும் நில்லாது இப்பெயர். 1991இல் வங்காளதேசத்தின் முதல் பெண் பிரதமரான காலிதா ஜியாவின் தந்தையார் பெயர் இஸ்கந்தர் மஜும்தார். சில்ஹெட், கச்சார்ப் பகுதி முஸ்லிம்களிடையேயும் மஜும்தார்கள் உண்டு. நாமசூத்திரரிடையேயும் உண்டு. அந்தணர், வைத்தியர், காயஸ்தர், நாமசூத்திரர், முஸ்லிம் என எல்லோரிடமும் காணப்படும் பெயரைக் கொண்டு எவருடைய சாதியை எவ்வாறு அறிவது?

இப்பெயர் தனித்ததும் அன்று. சர்க்கார், பிஸ்வாஸ், தாலுக்தார், சௌதுரி, ராய் என்பனவும் இத்தகையனவே. ராஜா ராம்மோகன் ராயின் (1772-1833) முன்னோர் பந்த்யோபாத்யாயர். நவாபின் ஆட்சியில் பெற்ற பட்டத்தால் ராய் ஆனார்கள். திரைப்பட மேதை சத்யஜித் ராயோ காயஸ்த மரபினர். இருவரும் ராய்; ஆயினும் குடி வேறு.

இவ்வளவும் கண்டதும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "மஜும்தார் என்பது சாதியே அன்று, கவலையை விடுங்கள்" என்று நண்பரிடம் சொல்லிவிடலாம் எனத் துள்ளினேன். ஆனால், அன்பர்களே, அவ்வளவில் நிறுத்திக்கொள்வது முழு உண்மை ஆகாது.

அக்பரின் நிதியமைச்சர் தோடர்மால் வருவாய்க் கணக்குகளைப் பாரசீக மொழியில் எழுதப் பணித்தார். 1837இல் ஆங்கிலேயர் அம்மொழியை நீதிமன்றங்களிலிருந்து விலக்கும் வரை, அலுவலகக் கதவைத் திறக்கும் சாவி பாரசீகமே. அதனைக் கற்கும் வாய்ப்பு யாருக்கு இருந்தது? ஏடும் எழுத்தும் முன்னரே கைவரப்பெற்ற அந்தணர், காயஸ்தர், வைத்தியர் ஆகிய மூவருக்கும், முஸ்லிம்களுள் மேற்குடியினருக்குமே பெரும்பாலும் இருந்தது. ஏர் பிடித்தவனும் ஓடம் செலுத்தியவனும் கணக்கில் பெயராக இடம் பெற்றனர். கணக்கை எழுதும் இடத்தில் அரிதாகவே அமர்ந்தனர். ஆகவே மஜும்தார் சாதிப் பெயர் அன்று என்பது மெய். சாதி காவல் நின்ற வாயிலின் வழியாகவே அப்பெயர் பெரும்பாலும் வந்தது என்பதும் மெய். தொழிலுக்கு இட்ட பட்டம் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்கும்போது, பிறப்பின் நிறம் அதில் மெல்ல ஏறிவிடுகிறது. நம் நாட்டில் முதலியார், பிள்ளை என்னும் சிறப்புப் பெயர்களும் இவ்வாறே சாதிப் பெயர்களாக உறைந்தன அல்லவா?

குறித்த நாளில் நண்பர் வந்தார். உடன் அவர் மகளும் வந்திருந்தாள். நான் திரட்டிய செய்திகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பின்பு, "மாமா, நீங்கள் அப்பாவுக்கு ஆறுதல் சொல்ல முயல்கிறீர்கள். பெயரைக் கொண்டு சாதியைக் கண்டுபிடிக்க முடியாது என்கிறீர்கள். கண்டுபிடிக்க முடிந்திருந்தால் உங்கள் விடை வேறாக இருந்திருக்குமா?" என்றாள்.

நான் நாணித் தலைகுனிந்தேன். சாதி பார்க்கலாகாது என்று இம்மேடையில் பலமுறை பேசியவன் நான். 1929ஆம் ஆண்டுச் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்க எடுத்த முடிவைப் பெருமையோடு எடுத்துக் காட்டியவனும் நானே. ஆயினும் நண்பர் வந்து கேட்டபோது, "அப்பிள்ளையின் குணம் எப்படி?" என்று நான் கேட்கவில்லை, நூலைத்தான் தேடினேன். பெயரிலிருந்து பட்டத்தை நீக்கிவிட்டோம். கேள்வியை நெஞ்சிலிருந்து நீக்கினோமா?

அடுத்த ஞாயிறன்று நானும் நண்பரோடு அவ்விளைஞரின் இல்லத்திற்குச் சென்றேன். சந்தேஷும் தேநீரும் வந்தன. இளைஞரின் தந்தையார் சற்றுத் தயங்கியபின் என்னிடம் மெல்ல வினவினார்: "தங்கள் நண்பரின் பெயருக்கு முன்னே ஓர் எழுத்து மட்டும் இருக்கிறதே, அதற்குள் எந்தக் குலம் மறைந்திருக்கிறது?" அவரும் ஒரு வாரமாக இதே ஆராய்ச்சியில் இருந்திருக்கிறார்! "அது குலம் அன்று ஐயா, என் தகப்பனாரின் பெயர்" என்றார் நண்பர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அதன்பின் பேச்சு பிள்ளைகளின் இயல்பையும் எதிர்காலத்தையும் பற்றித் திரும்பியது. தை மாதத்தில் திருமணம் இனிதே நடந்தேறியது.

அன்பர்களே, பெயர்களின் வரலாற்றை அறிவது நன்று. அது நாம் வாழும் நாட்டை நமக்கு அறிமுகப்படுத்துகிறது. ஆனால் மனிதரை அளக்கும் கோலாக அதனைக் கொள்ளாதீர்கள். இனி யாரேனும் உங்களிடம் "மஜும்தார் என்றால் என்ன?" என்று கேட்டால், "கணக்கு வைத்திருந்தவர்" என்று சொல்லுங்கள். "என்ன சாதி?" என்று கேட்டால், அந்தப் பெண் என்னைக் கேட்ட கேள்வியை அவரிடம் கேளுங்கள்.