நூலக முற்றத்தில் ஒரு பாட்டு



நூலகம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அலமாரிகளும் அவற்றில் அடுக்கிய நூல்களுமே. அக்கட்டடத்தைச் சூழ்ந்த முற்றத்தை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. மிதிவண்டி நிறுத்துவதற்கும் முட்செடி வளர்வதற்கும் அதனை விட்டுவிடுகிறோம். அம்முற்றத்தில் ஒரு மரத்தையும் ஒரு சிற்பத்தையும் ஒரு பாட்டையும் சேர்த்து அமைத்தால், நூலகத்துக்கு வராதவரும் வரத் தொடங்குவர் என்பதே இன்று யான் கூற விழையும் கருத்து.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் நூலக இயலுக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு படிப்பாளிக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் உரிய படிப்பாளி கிடைக்க வேண்டும் என்பன அவற்றுள் இரண்டு. சென்னை மாகாணத்தில் 1948-இல் இயற்றப்பெற்ற பொது நூலகச் சட்டத்துக்கு அவருடைய உழைப்பே அடிப்படை. சட்டம் நூலகத்தைத் தந்தது. அதன் வாசற்படியைத் தாண்டக் கூசும் மனிதரை அழைத்து வருவது நம் கடமையாக எஞ்சி நிற்கிறது.

திருத்தங்கல் வட்டாரத்தில் ஆசிரியப் பணி புரிந்த நாளில், பிள்ளைகளை நூலகத்துக்கு அழைத்து வரும் தாய்மார் பலர் வெளியிலேயே நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன். உள்ளே வரச் சொன்னால், "அது படிச்சவங்க இருக்கிற இடம், ஐயா" என்பார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் இளமையைக் கொடுத்தவர்கள் அவர்கள். இப்பகுதியின் குழந்தைத் தொழிலாளர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளிக்கும் முன்பே அவர்களுடைய பள்ளிப் பருவம் கழிந்துவிட்டது. அவர்களுக்கும் அந்த நூலகத்தில் பங்கு உண்டு என்பதை எவ்வாறு உணர்த்துவது? அறிவிப்புப் பலகை அதனைச் செய்யாது. அவர்களுடைய வாழ்வையே பேசும் ஒரு பாட்டு செய்யும்.

கல்லையும் சொல்லையும் ஒருங்கே வைப்பது நமக்குப் புதிதன்று. போரில் பட்ட வீரனுக்கு நடுகல் எடுத்து, அவன் பெயரையும் பீடையும் எழுதிய வழக்கத்தைச் சங்க நூல்கள் கூறுகின்றன. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து உள்ளது. பிற்காலத்துச் செங்கம் நடுகற்களில் வீரனுடைய உருவமும் எழுத்தும் ஒரே கல்லில் நிற்கின்றன. மதுரையில் பொற்றாமரைக் குளக்கரை மண்டபச் சுவரில் திருக்குறள் பொறிக்கப்பட்டுள்ளது. சென்னையில் 1976-இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டத்தில், திருவாரூர்த் தேரின் சாயலில் கற்றேர் நிற்க, 1330 குறட்பாக்களும் கல்லில் எழுதப்பெற்றுள்ளன.

இவை பெருமைக்குரியவை. எனினும் சிற்றூர் நூலகம் இவற்றின் அளவைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆயிரம் பாட்டை ஒருங்கே கண்டவர் வியந்து நடந்துவிடுவர்; ஒரே பாட்டைக் கண்டவர் நின்று படிப்பர்.

நியூயார்க் நகரில் பொது நூலகத்தை நோக்கிச் செல்லும் 41-ஆம் தெருவின் நடைபாதையில், இலக்கிய வரிகளைத் தாங்கிய வெண்கலத் தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். நடப்பவர் குனிந்து படித்துக்கொண்டே நூலகத்தை அடைகின்றனர். எண்ணம் நல்லது, ஆயினும் நம் நாட்டுக்கு அவ்வாறே பொருந்தாது. புத்தகத்தின்மேல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். எழுத்தை மிதித்து நடக்க அவர்களுக்கு மனம் வராது. நமக்கு ஏற்றது நிமிர்ந்து நிற்கும் கல்லே.

அக்கல்லில் எப்பாட்டை எழுதுவது? எங்கள் ஊருக்கு விடை எளிது. திருத்தங்கலின் பழம்பெயர் தங்கால். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் பாடிய பாட்டு நற்றிணையில் உள்ளது. புதிதாய் மலர்ந்த வேங்கைப் பூவைக் காணும்போது, பொன்வேலை செய்யும் கம்மியனின் கைவினை அவர் நினைவுக்கு வருகிறது. தம் பட்டறையையே அவர் பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்!

தங்கால் பொற்கொல்லனார் பெயரில் புறநானூற்றிலும் ஒரு பாட்டு உண்டு. இருவரும் ஒருவரே என்பாரும் உளர். அதில் ஓர் இரவுக் காட்சி வருகிறது. பழைய வேலியோரத்தில் காட்டுப் பூனை பதுங்கி வருகிறது. பெட்டைக் கோழி அஞ்சிக் கூவுகிறது. பருத்தியில் உள்ள செத்தையைப் புடைத்து நீக்குவதற்காக எழுந்த ஒரு பெண், சிறு விளக்கை ஏற்றியிருக்கிறாள். அவ்வொளியில், செம்பூப் போன்ற கொண்டையுடைய சேவலைக் கண்டு கோழி அச்சம் தணிகிறது. மறக்குடித் தலைவனைப் பாட வந்த புலவர், இரவிலும் உழைக்கும் அப்பெண்ணின் விளக்கை விட்டுவிடவில்லை. தீப்பெட்டி ஒட்டியும் வெடிக்குத் தாள் சுற்றியும் கண்விழித்த எங்கள் பெண்களுக்கு இதனினும் நெருங்கிய பாட்டு வேறு எது?

ஆதலின் நூலக முற்றத்தில் முதலில் நிற்க வேண்டிய சிற்பம், கையில் முறமும் அருகில் சிறு விளக்குமாக அமைந்த பருத்திப் பெண்ணே என்பது என் கருத்து. பாட்டைச் சீர் பிரிக்காமல் பொறித்தால் புலவர் மட்டுமே படிப்பர். சொற்களைப் பிரித்து, பெரிய எழுத்தில், பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராகப் பொறிக்க வேண்டும். கீழே நான்கு வரியில் எளிய உரையும், இந்நூல் உள்ளே எந்த அலமாரியில் உள்ளது என்னும் குறிப்பும் இருத்தல் வேண்டும். பொருள் உதவியவர் பெயர் கல்லின் பின்புறத்தில் இருந்தால் போதும். வேலை முடிந்து மாலையில் வருவோர் படிப்பதற்கு விளக்கும் வேண்டும்.

சிற்பத்தின் அருகே ஓர் அரசமரம் நிற்கட்டும். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் எங்கள் ஊர் வருகிறது. சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன், தங்காலில் அரசமரத்து மன்றத்தில் இளைப்பாறுகிறான். பிழையின்றித் தன்னோடு மறை ஓதுபவன் பரிசைக் கொள்ளலாம் என்று விளையாடும் சிறுவரிடம் கூறுகிறான். வார்த்திகனின் மகன், மழலை மாறாத வாயால் ஓதிப் பரிசை வெல்கிறான். மரநிழல், சிறுவர், செய்யுள், பரிசு ஆகிய நான்கும் அங்கேயே இருந்தன. மாதம் ஒரு நாள் நூலக மரத்தடியில் பிள்ளைகள் செய்யுள் ஒப்பித்து ஒரு நூலைப் பரிசாகப் பெறுவது, நம் ஊர் வழக்கத்தைப் புதுப்பிப்பதே ஆகும்.

இன்னும் ஒரு கல் வேண்டும் என்பேன். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முன்னும் பின்னும் இப்பகுதியில் உழைப்பாளர் பலர் தீயில் மாண்டுள்ளனர். ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்குக் கல் நட்ட நாட்டில், பிள்ளைகளின் சோற்றுக்காக மருந்துக் கலவையைக் கையாண்டு மாண்டவருக்கு ஒரு நடுகல் மிகையாகாது. அதில் எழுதும் பாட்டு இன்றைய கவிஞர் ஒருவருடையதாக இருக்கலாம். அவர் நம் பள்ளியில் படித்தவராக இருந்தால் இன்னும் நன்று. அக்கல்லைக் கண்டு உள்ளே வருபவருக்குத் தொழிற் பாதுகாப்பு, தொழிலாளர் சட்டம், தீக்காய முதலுதவி ஆகியவை பற்றிய தமிழ் நூல்கள் முதல் அலமாரியிலேயே கிடைக்க வேண்டும். இல்லையேல் நம் இரங்கல் வெறும் சடங்காகிவிடும்.

நூல் வாங்கவே பணமில்லாதபோது சிலை எதற்கு என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. யாழ்ப்பாணப் பொது நூலகம் இரங்கநாதனின் அறிவுரையோடு உருவாகி 1959-இல் திறக்கப்பெற்றது. அதன் முகப்பில் கலைமகள் சிலை உண்டு. 1981-இல் அந்நூலகம் எரிக்கப்பட்டபோது தமிழுலகம் அழுதது உள்ளே இருந்த ஏறத்தாழ 97,000 நூல்களுக்காகவும் சுவடிகளுக்காகவுமே. ஆகவே நூலே முதல் என்பதில் எனக்கு ஐயமில்லை. நூலுக்குரிய பணத்தை எடுத்துச் சிலை வைக்கச் சொல்லவும் இல்லை. பெருஞ்சிலை வேண்டா, ஒரு கல்லும் ஒரு மரமும் ஊரார் கூடினால் அமையும். எட்டயபுரத்துப் பாரதி மணிமண்டபம், கல்கியின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பொதுமக்கள் அளித்த நன்கொடையால் எழுந்து 1947-இல் திறக்கப்பெற்றது அன்றோ?

இந்தியா முழுவதற்கும் நாட்காட்டி அச்சிட்டு அனுப்பும் வட்டாரம் எங்களுடையது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவின் படங்கள் சிவகாசியில் அச்சாகி எண்ணற்ற வீடுகளின் சுவர்களை அலங்கரித்தன. படத்துக்கும் எழுத்துக்கும் இங்கே கைகள் உண்டு. கல் செதுக்குவோரும் உண்டு. 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த எங்கள் திருத்தங்கல், பொற்கொல்லர் பாட்டைத் தன் நூலக முற்றத்தில் நிறுத்தட்டும். உங்கள் ஊர்ப் புலவர் யார் என்று நீங்களும் தேடிப் பாருங்கள். வாசலில் நிற்கும் தாயொருத்தி, தன் மகள் படித்துக் காட்டக் கேட்டு, "இது நம்ம கதையல்லவா" என்று சொல்வாளாயின், அவள் உள்ளே வர வேறு அழைப்பு வேண்டுவதில்லை.