பழைய கல் நகைகளும் நமது கடமையும்

(மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வைகாசித் திங்களில் நமது கண்ணகை அம்மன் கோயில்களிலே வழக்குரை காவியம் படிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாண்டியன் சபையில் வழக்கைத் தீர்த்தவை சிலம்பினுள் இருந்த பரல்களே. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. உள்ளிருந்த கல்லே உண்மையைச் சொல்லிற்று. இந்தக் கதையைப் போற்றும் நாம், நமது பெட்டகத்தில் கிடக்கும் பழைய நகையைப் பவுண் கணக்கில் மட்டும் மதிப்பது முறையாகுமா?

நமது பாட்டிமார் அணிந்த அட்டியல், பதக்கம், தோடு, மூக்குத்தி என்பவற்றிலே கல் பதிக்கும் முறை இருவகைப்படும். ஒன்று மூடிய பதிப்பு. பொற்கூட்டிலே அரக்கை நிரப்பி, அதன்மேல் மெல்லிய பளபளப்பான தகட்டை வைத்து, கல்லை இருத்தி, ஓரத்தைப் பொன்னால் அழுத்தி மூடுவர். கல்லின் பின்புறம் தெரியாது. தகடே ஒளியைத் திருப்பித் தரும். மற்றையது திறந்த பதிப்பு. நகம் போன்ற சிறு பிடிகள் கல்லைத் தாங்கி நிற்கும், பின்புறம் திறந்திருக்கும். ஐரோப்பாவிலும் 18ஆம் நூற்றாண்டில் தகடு வைத்த மூடிய பதிப்பே பெருவழக்கு. 19ஆம் நூற்றாண்டிலேதான் திறந்த பதிப்பு எங்கும் பரவிற்று. தென்னாபிரிக்காவின் ஜாகர்ஸ்பொன்டெயின் என்னும் இடத்தில் 1870இல் வைரம் கண்டெடுக்கப்பட்டது. அவ்வூர்ப் பெயரே 'புளூஜாகர்' என்று தமிழ்த் தாய்மாரின் வாயில் வழங்கலாயிற்று. ஆகவே நகையைத் திருப்பிப் பார்த்தாலே அதன் காலத்தைப் பற்றிய ஒரு குறிப்புக் கிடைக்கும்.

சிவந்த கல் யாவும் மாணிக்கமல்ல. பிரித்தானிய முடியிலே 'கறுப்பு இளவரசனின் மாணிக்கம்' எனப் புகழ்பெற்ற கல்லே உண்மையில் ஸ்பினெல் என்னும் வேறு கல்லாகும். 1902இல் வேர்னொய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி செயற்கை மாணிக்கம் ஆக்கும் முறையை அறிவித்தார். அதன்பின் செய்த நகைகளில் அத்தகைய கற்களும் கலந்தன. ஆதலால் கண்ணால் மட்டும் பார்த்துப் பெருமைப்படவும் வேண்டாம். கண்ணாடி என்று எறியவும் வேண்டாம். கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிலே கற்களைப் பரிசோதிக்க வசதி உண்டு.

நமது பகுதியிலே இவ்விடயத்துக்குத் தனி முக்கியத்துவம் இருக்கிறது. இங்கே வீடும் வளவும் தாய்வழியாக மகளுக்குச் சேர்வது பழைய மரபு. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் பின் முக்குவர் சட்டம் வழக்கொழிந்தபோதும், சீதனமாக அம்மரபு தொடர்ந்தது. நகையும் அவ்வழியே தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. 1978 நவம்பர் சூறாவளியும், நீண்ட போரும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் எத்தனையோ வீடுகளிலிருந்து உறுதிகளையும் படங்களையும் கொண்டுபோயின. அத்தகைய வீட்டில் எஞ்சியிருப்பது ஒரு பதக்கமேயாயின், பூட்டியின் கைபட்ட பொருள் அதுவொன்றே.

அதனை விற்கக் கொண்டுபோனால் நடப்பதென்ன? கல்லின் நிறையும் அரக்கின் நிறையும் கழிக்கப்படும். கல்லைத் தோண்டி எடுக்கையில் தகடு கிழியும். சில வேளை கல்லும் உடையும். பொன் உருகிவிடும். கைவினைக்கு ஒரு சதமும் கிடையாது. வறுமையாலும் நோயாலும் நகையை ஈடுவைப்போரை நாம் குறைகூறவில்லை. பசித்தவர் முன் பழமை பேசுதல் அறமாகாது. புது மோகத்துக்காக உருக்குவோரிடமே நாம் வேண்டுகின்றோம்.

இளைஞர்களே, எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் சென்று கேளுங்கள். நகையின் முன்புறத்தையும் பின்புறத்தையும் படம் எடுங்கள். யார் அணிந்தது, யாருக்கு வந்தது என எழுதி வையுங்கள். கள்வர் பயம் உண்டாதலால் அக்குறிப்பு வீட்டோடு இருக்கட்டும். மூடிய பதிப்பு நகையை வெந்நீரிலோ சோப்பு நீரிலோ ஊறவைக்க வேண்டாமென்று தங்கைமாருக்குச் சொல்லுங்கள். நீர் புகுந்தால் தகடு மங்கும், அரக்கு இளகும். உலர்ந்த மெல்லிய துணியே போதும். முதிய பொற்கொல்லரைக் கண்டால், அவர் அறிந்த பதிப்பு முறைகளையும் கருவிகளின் பெயர்களையும் அவர் வாயாலேயே கேட்டுப் பதிவுசெய்யுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அக்குறிப்புகள் இடம்பெறுமாயின் நமது மன்றம் ஒரு நற்பணி செய்ததாகும்.