"என் சுபாவம் அப்படி" என்பவர்களுக்கு

(தாராபுரத்தில் நடைபெற்ற நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



 

நமது அலுவலகத்தில் ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் மனு வாங்குகிறோம். வைத்தியச் செலவு, கல்வி உதவி, கடன், குடும்பப் பிணக்கு எல்லாம் வருகின்றன. பிணக்கு என்று வருபவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு வார்த்தை வந்துவிடும்: "அவிங்க கொணமே அப்படித்தானுங்க." சரி என்று அந்த மனிதரைக் கூப்பிட்டு விசாரித்தால் அவரும் அதையேதான் சொல்கிறார்: "என் சுபாவம் அப்படிங்க பாய், நான் என்ன பண்ணட்டும்?" இரு தரப்பும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கிறது.

ஒரு வாலிபர் வந்தார். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நல்ல கை. பீஸ் ரேட்டில் வாரச் சம்பளம் சுளையாக வாங்கக்கூடியவர். ஆனால் இரண்டு வருடத்தில் ஐந்து கம்பெனி மாறிவிட்டார். ஒரு இடத்தில் சூப்பர்வைசர் ஒரு சொல் கூடச் சொன்னாராம். இன்னொரு இடத்தில் செக்கிங்கில் பீஸைத் திருப்பி அனுப்பினார்களாம். ஒவ்வொரு முறையும் பாதி வாரத்தில் எழுந்து வந்துவிடுவார். அந்த வாரக் கூலியும் போகும், ரோசத்தில் கேட்கவும் போகமாட்டார். மனைவியின் தோடு முதலில் போனது. பிறகு பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நின்றது. நம்மிடம் மனு கொடுத்தது கட்டணத்துக்காக. அந்தப் பணத்தை நாம் கொடுத்துவிடலாம். அடுத்த வருடத்துக்கும் கொடுக்கலாம். அந்த வீட்டின் நோய் தீருமா?

சுபாவம் என்பது உண்மையில் இருக்கிறதா? இருக்கிறது. நம் ஹகீம்கள் இதற்கு மிஸாஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள். யூனானி வைத்தியத்தில் நாடி பார்க்கும் முன்பே ஆளின் மிஸாஜைப் பார்ப்பார்கள். கிரேக்கத்து புக்ராத், ஜாலீனூஸ் காலத்திலிருந்து வந்த கணக்கு அது. 1037இல் மறைந்த இப்னு ஸீனா அதைத் தம் அல்கானூன் நூலில் விரிவாக எழுதினார். இரத்தம் மிகுந்தவர் தமவீ: கலகலப்பானவர். மஞ்சள் பித்தம் மிகுந்தவர் ஸஃப்ராவீ: சுறுசுறுப்பும் சூடும். சளி மிகுந்தவர் பல்கமீ: நிதானம், மந்தம். கரும்பித்தம் மிகுந்தவர் ஸவ்தாவீ: ஆழ்ந்த யோசனை, கவலை. சென்னை அரும்பாக்கத்து அரசு யூனானி மருத்துவக் கல்லூரியில் இன்றும் இதைப் பாடமாக நடத்துகிறார்கள். உடம்பில் ஓடும் நான்கு நீர்கள்தான் குணத்தை உண்டாக்குகின்றன என்பதை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. அந்த விவாதம் நமக்கு வேண்டாம். ஆனால் மனிதர்கள் வெவ்வேறு விதமாக இருப்பதை அந்த ஹகீம்கள் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளிடமே இது தெரியவில்லையா?

கேள்வி அடுத்ததுதான். பிறவியில் வந்ததை மாற்ற முடியுமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் இந்தக் கேள்விக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். குணம் மாறாது என்று வாதிப்பவர்கள் அவர்கள் காலத்திலும் இருந்தார்கள். ஒன்பது நூறு ஆண்டு கழித்தும் அதே வாதம் நம் அலுவலக மேசைக்கு வருகிறது! அவர்கள் சொல்லும் உவமை பேரீச்சங்கொட்டை. கொட்டை மரமல்ல, ஆனால் பராமரித்தால் மரமாகும். எவ்வளவு பராமரித்தாலும் அது ஆப்பிள் மரமாகாது. அதுபோல, கோபத்தையும் ஆசையையும் வேரோடு பிடுங்க முடியாது. பிடுங்கச் சொல்லி நமக்குக் கட்டளையும் இல்லை. பழக்கி வசப்படுத்தலாம். வேறோர் இடத்தில் அறிவை வேட்டைக்குப் போகும் குதிரைவீரனுக்கும், ஆசையை அவன் குதிரைக்கும், கோபத்தை அவன் நாய்க்கும் ஒப்பிடுகிறார்கள். குதிரையும் நாயும் இல்லாமல் வேட்டை இல்லை. பழகாத குதிரையோடு போனாலும் வேட்டை இல்லை.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் ராவுத்தர்கள். அந்தச் சொல்லின் பொருளே குதிரைவீரன் என்பதுதான். குதிரை பழக்கிப் பெயர் வாங்கிய பரம்பரையில் வந்துவிட்டு, "என் சுபாவம் அப்படி" என்று கடிவாளத்தைக் கீழே போடலாமா? பக்கத்தில் காங்கேயத்துக் காளையைப் பாருங்கள். அதன் வேகத்தை யாரும் எடுத்துவிடுவதில்லை; எடுத்துவிட்டால் யார் அதை விலைகொடுத்து வாங்குவார்? மூக்கணாங்கயிறுதான் போடுகிறார்கள்.

சஹாபாக்களைப் பாருங்கள். அபூபக்ர் (ரலி) மென்மையானவர்கள், குர்ஆன் ஓதினால் அழுகையை அடக்கமுடியாதவர்கள். உமர் (ரலி) கடுமையானவர்கள். ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யா உடன்படிக்கையின்போது அதன் ஷரத்துக்களைப் பொறுக்கமுடியாமல் உமர் (ரலி) ரசூலுல்லாஹ்வின் முன்பே கேள்விமேல் கேள்வி கேட்டுவிட்டார்கள். பிறகு அதை நினைத்து வருந்தி, நோன்பு, தர்மம், அடிமை விடுதலை என்று நெடுநாள் பரிகாரம் செய்துகொண்டிருந்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கோபப்பட்டது ஒரு பொழுது. அதற்கான உழைப்பு எத்தனை நாள் என்று பாருங்கள். நம்மில் ஒருவர் வீட்டில் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் டீ கேட்கிறார்.

நான்கு வருடங்கள் கழித்து, நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் சில கூட்டத்தார் ஜகாத் தர மறுத்தார்கள். போர் வேண்டாமே என்று தயங்கியவர் உமர் (ரலி). ஓர் ஒட்டகக் கயிறு அளவைக்கூட விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று நின்றவர் மென்மையான அபூபக்ர் (ரலி). சுபாவம் ஆளை ஆண்டிருந்தால் இது நேர்மாறாக அல்லவா நடந்திருக்கும்?

உமர் (ரலி) கலீஃபா ஆனபோது ஊரில் பயம் இருந்தது. மிம்பரில் ஏறி அவர்கள் செய்த முதல் துஆக்களில் ஒன்றாக இப்னு ஸஅத் பதிவு செய்திருப்பது என்ன தெரியுமா? தாம் கடுமையானவர், தம்மை இளக்க வேண்டும். பலவீனமானவர், பலப்படுத்த வேண்டும். கஞ்சத்தனமுள்ளவர், தாராளமாக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டார்கள். தனியறையில் அல்ல, எல்லார் முன்னிலையிலும். தம் குறை மூன்றையும் பெயர்சொல்லிக் கேட்டார்கள். நாம் துஆக் கேட்கும்போது, யா அல்லாஹ் எங்களை நல்லவர்களாக்கு என்று மொத்தமாகக் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். வைத்தியரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் எதற்கு மருந்து தருவார்?

கோபக்காரருக்கான மருந்து நம் எல்லாருக்கும் தெரியும். நின்றிருந்தால் உட்கார், உட்கார்ந்தும் அடங்காவிட்டால் படுத்துக்கொள் என்பது நபிவழி. பவர் டேபிள் வரிசையில் படுக்கமுடியாது, சரிதான். எழாமல் இருக்கலாம் அல்லவா? அந்த ஓவர்லாக் வாலிபரிடம் நாம் சொன்னது இவ்வளவுதான்: கோபம் வந்தால் மிஷினை விட்டு எழக்கூடாது, விலகுவது என்று முடிவு செய்தால் சனிக்கிழமை கூலி வாங்கிய பிறகு விலகு. சனிக்கிழமைக்குள் பெரும்பாலான கோபம் ஆறிவிடுகிறது என்று அவரே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார். ஆறாவது கம்பெனியில் எட்டு மாதமாக இருக்கிறார்.

கலகலப்பானவருக்கு வாய் நிறைய வாக்குறுதி. கைமாற்று கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இவரைப் போல் இனிமையானவர் இல்லை. இவர் ஒவ்வொன்றையும் எழுதி வைக்கட்டும். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா சூராவின் ஆயத்துதான் குர்ஆனிலேயே நீளமானது. நிதானக்காரருக்கு நாளை, நாளை. அவருக்கு நாம் சொல்ல அதிகமில்லை. தொழுகைக்கு நேரம் வைத்த மார்க்கம் நம்முடையது. ரேஷன் கார்டு திருத்தத்துக்கும் ஒரு தேதி வைத்துக்கொள்ளட்டும்.

கவலைக்காரர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் அது சுபாவமல்ல, நோய். ஈமான் குறைவு என்று பேசி அவர்களைப் புண்படுத்தாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். காந்தியடிகள் பாரிஸ்டர் பட்டம் பெற்று வந்து பம்பாய்க் கோர்ட்டில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. வாங்கிய 30 ரூபாய் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பின்பு தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். 1893இல் பிரிட்டோரியாவில் ஹாஜி முஹம்மது ஹாஜி ஜூஸப் என்ற சேட்டின் வீட்டில் பேசியதைத்தான் தம் முதல் பொதுப்பேச்சு என்று சுயசரிதையில் எழுதுகிறார். எதிரே இருந்தவர்கள் பெரும்பாலும் மேமன் வியாபாரிகள். பேசிய விஷயம் வியாபாரத்தில் உண்மை. கூச்சம் மறந்துபோகும் அளவுக்குச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. கூச்சத்தால்தான் சொற்களை அளந்து பேசக் கற்றதாகவும் அவரே எழுதியிருக்கிறார்.

இனிக் கடினமான பகுதி. தன் குறை தனக்குத் தெரிவதில்லை. இமாம் கஸ்ஸாலி நான்கு வழி சொல்கிறார்கள்: நல்ல ஆசான், உண்மை பேசும் நண்பன், எதிரியின் நாக்கு, பிறரிடம் கண்ட குறை நம்மிடமும் உண்டா என்று பார்ப்பது. உமர் (ரலி) அவர்கள் ஸல்மான் (ரலி) அவர்களிடம், என்னைப் பற்றிப் பிடிக்காத எதைக் கேள்விப்பட்டீர் என்று வற்புறுத்திக் கேட்டதையும் அங்கே எழுதுகிறார்கள். ஒரே வேளையில் இரண்டு குழம்பு வைப்பதாகவும், பகலுக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என இரண்டு ஜோடி உடை இருப்பதாகவும் கேள்விப்பட்டேன் என்றார் ஸல்மான். இரண்டையும் விட்டேன் என்றார்கள் கலீஃபா.

நாம் இதை ஓதியிருக்கிறோம், கல்லூரியிலும் படித்திருக்கிறோம். ஆனாலும் நம் கதை இது. சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு. காலையிலிருந்து அலைச்சல், நமக்குச் சர்க்கரை வேறு, மதியம் சாப்பிடவில்லை. கணவரை இழந்த ஒரு சகோதரி மகனை ஐ.டி.ஐ.யில் சேர்க்க உதவி கேட்டு மூன்றாவது தடவையாக வந்திருந்தார். அப்போதும் ஒரு ஜெராக்ஸ் இல்லை. "எத்தனை தடவை சொல்வது?" என்று இருபது பேர் முன்னால் சத்தம் போட்டோம். அவர் மனுவை மடித்து எடுத்துக்கொண்டு போனார். பிறகு வரவேயில்லை. நாமும் மறந்துவிட்டோம். அதுதான் பெரிய குற்றம்.

மூன்று மாதம் கழித்து, அந்தப் பையன் கம்பெனி பஸ்ஸில் திருப்பூருக்குப் போகிறான் என்று தெரிந்தது. வீட்டாரையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லைங்க பாய், உங்களுக்கு ஆயிரம் வேலை" என்று டீ போட்டுக் கொடுத்தார். பையன் இரவு ஒன்பதுக்குத்தான் வந்தான். சேர்க்கை முடிந்து போயிருந்தது.

அதன்பின் சாப்பிடாமல் நாம் மனு வாங்க உட்காருவதில்லை. குறை உள்ள மனுவையும் வாங்கிக்கொள்கிறோம். ஜெராக்ஸ் எடுப்பது நம் வேலை. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், நம்மைப் பற்றி எதையும் எழுதலாம், பெயர் வேண்டாம். அதை நாம் திறப்பதில்லை. ஓர் அறங்காவலர் மாதக் கடைசியில் நமக்கு வாசித்துக் காட்டுவார். போன மாதம் இரண்டு வந்தன. ஒன்றில், நாங்கள் பேசும்போது செயலாளர் போனையே பார்க்கிறார் என்று இருந்தது. உண்மைதான். இப்போது போன் பீரோவில் இருக்கிறது.

அந்தப் பையனுக்கு இந்த ஆண்டு ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். இடம் கிடைக்க எல்லாரும் துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.