கேஸ் ஷீட்டில் ஏறாத கதை



அயோத்திதாசப் பண்டிதரை 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவராக, தமிழ்ப் பௌத்தராக நாம் நினைவுகூர்கிறோம். அவர் தொழிலால் சித்த மருத்துவர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். அங்கிருந்து மேற்கே போனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களின் நோவை இளம் மருத்துவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதே இன்று நம் பேச்சு.

"தலை சுத்துது, அடிவயிறு இழுக்குது, நிக்க முடியல" என்கிறாள் ஒரு பெண். முதுநிலைப் பயிற்சியில் இருக்கும் டாக்டர் 'கிடினஸ்' என்று ஒரே சொல்லில் எழுதுகிறார். வாசலில் நீண்ட வரிசை. அவரும் முந்தின இரவு தூங்காதவர். ஆனாலும் அந்த ஒரு சொல்லில் விடுபட்டவை எத்தனை! எந்த ஷிப்ட்? எத்தனை மணி நேரம் நின்றாள்? கழிவறைக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும்? லீவு போட்டால் சம்பளம் போகுமா? சிறுநீரை அடக்க வேண்டியிருப்பதால் தண்ணீரே குடிக்காதவளுக்கு மாத்திரை மட்டும் கொடுத்தால், அடுத்த வாரமும் அவள் வருவாள்.

'என்ன வேலை செய்கிறாய்?' என்று நோயாளியிடம் கேளுங்கள் என 1700-இலேயே இத்தாலிய மருத்துவர் ராமசினி எழுதினார். நம் காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரீட்டா சாரோன், கேஸ் ஷீட்டில் எழுத இடமில்லாததைத் தனித்தாளில் சாதாரண மொழியில் எழுதி, சக மாணவர்களிடையே வாசிக்கும் பயிற்சியை உருவாக்கினார். கதைவழி மருத்துவம் என்று இதைச் சொல்லலாம்.

2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். பூந்தமல்லி அருகே விடுதி உணவால் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகளின் கதி தெரியாமல் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். அதன்பிறகே சில தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தரமற்றவை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. நோயின் பெயர் 'உணவு நஞ்சு'. நோயின் கதை விடுதி. சாலையை மறித்த பிறகு உலகம் கேட்ட கதையை, நோயாளி முதலில் உட்காரும் நாற்காலியிலேயே கேட்க முடியாதா?

இங்கே நாம் சேர்க்க வேண்டிய ஒன்று உண்டு. 'எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?' என்ற கேள்வி நம் மக்களுக்கு வெறும் விசாரிப்பு அல்ல. சாதியை மோப்பம் பிடிக்கும் கேள்வி. அதனால்தான் பாதி சொல்லி நிறுத்துகிறார்கள். சொன்னது மேற்பார்வையாளர் காதுக்குப் போனால் வேலை போகும் என்ற பயம் வேறு. ஆகவே கேட்கும் திறன் என்பது இனிமையாகப் பேசுவது மட்டுமல்ல. ஏன் கேட்கிறோம் என்று சொல்வது, சொன்னதை வெளியே விடாமல் காப்பது, சொல்ல மறுக்கும் உரிமையை மதிப்பது, மௌனத்தின் காரணத்தை அறிவது. டாக்டர்களின் உலகிலும் சாதி இருக்கிறது. 2019-இல் மும்பையில் பழங்குடிப் பிரிவைச் சேர்ந்த முதுநிலை மருத்துவ மாணவி பாயல் தாட்வி உயிரை மாய்த்துக்கொண்டார். சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதாக மூன்று சீனியர்கள் மீது வழக்குப் பதிவானது. பயிற்சி அறையிலேயே சக மருத்துவரின் வலி கேட்கப்படாவிட்டால், நோயாளியின் வலி எப்படிக் கேட்கும்?

முதுநிலை மருத்துவ மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்ற விதி 2021 சேர்க்கையிலிருந்து இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வருபவர்களுக்காக நாம் கேட்பவை மூன்று. வாரம் ஒரு நோயாளியைப் பற்றி, பெயரை மறைத்து, தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். பாமாவின் 'கருக்கு', கே.ஏ. குணசேகரனின் 'வடு' இரண்டையும் வாசிக்கட்டும்; உடம்பில் சாதி எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு அவையும் பாடநூல்களே. விடுதித் தொழிலாளிப் பெண்களையே ஆசிரியர்களாக அழைத்து உட்கார வைக்கட்டும்.

மாணவர்களே, இது டாக்டர்களிடம் இரக்கம் கேட்கும் மனு அல்ல. தன் நோவைத் தன் சொல்லில் பதிவுசெய்ய வைப்பது உழைப்பவரின் உரிமை. அந்த உரிமையைச் சங்கக் கூட்டங்களிலும் மருத்துவக் கல்லூரி வாசல்களிலும் நாம் சேர்ந்தே கேட்போம்.

ஜெய்பீம்.