இளையோர்க்குக் கலை பயிற்றும் நூல்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



மழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் மங்களூர் வட்டாரத்தில் ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் இடையறாது கூடி வருவது பாராட்டுக்குரியது. இதுவரை கவியரங்குகள் நடந்தன, நூல்கள் வெளிவந்தன, புதியவர்கள் எழுத வந்தார்கள். பத்தாண்டு நிறைந்த அமைப்பின் முன் நிற்க வேண்டிய வினா ஒன்றுண்டு. இப்போது பத்து வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு இவ்வட்டம் எதைத் தரப்போகிறது? அவ்வினாவின் ஒரு பகுதியே இன்றைய உரையின் பொருளாகும். இசை, கூத்து, ஓவியம், மண்சிற்பம் முதலிய கலைகளை இளையோர்க்குப் பயிற்றத் தமிழில் என்ன நூல்கள் உள்ளன, எவை இல்லை, இல்லாதவற்றை ஆக்கத்தக்கவர் யார் என்பதே அது.

கலை நூல்களை இருவகையாகப் பிரித்துக் காணலாம். ஒன்று கலையைப் பற்றிச் சொல்லும் நூல்; மற்றொன்று கலையைப் பயிற்றும் நூல். தேவாரப் பண்கள் எத்தனை, அவற்றின் பெயர்கள் யாவை என்று கூறுவது முதல் வகை. அப்பண்களுள் ஒன்றை ஒரு சிறுமி தன் குரலில் பாடிப் பார்க்க வழி செய்வது இரண்டாம் வகை. தமிழில் முதல் வகை மிகுதி. இரண்டாம் வகை குறைவு. அதிலும் பிள்ளைகளை நோக்கி எழுதப்பட்டவை மிகவும் குறைவு. இக்குறை எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, கலையைப் பயிற்றுவதற்கென முன்னோர் செய்த முயற்சிகளை நோக்குதல் வேண்டும்.

முதற்சான்று அண்மையிலேயே இருக்கிறது. விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் கோபுர வாயில்களில் நாட்டியக் கரணச் சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் மேல்தளத்தில் நூற்றெட்டுக் கரணங்களுள் 81 மட்டும் முடிவுற்று நிற்கின்றன. சிதம்பரத்தில் சிற்பத்தோடு அதன் இலக்கணம் கூறும் வடமொழிச் சுலோகமும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். படமும் விளக்கமும் ஒருங்கே அமைந்த கற்பாடநூல் என்று அதனைச் சொல்லத் தகும். ஆயினும் கரணம் என்பது நிலைத்த தோற்றம் அன்று, கை, கால், உடல் ஆகியவற்றின் ஒருங்கிணைந்த இயக்கம் என்று பத்மா சுப்ரமணியம் தம் ஆய்வில் நிறுவினார். சிற்பி காட்டியது அவ்வியக்கத்தின் ஒரு கணத்தை மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் உடல் எவ்வாறு சென்றது என்பதைச் சிற்பத்தோடு இலக்கண நூலையும் ஆடும் மரபையும் ஒப்பிட்டே மீட்க வேண்டியிருந்தது. பயிற்றும் நூலுக்குப் படம் மட்டும் போதாது என்பது இதிலிருந்து கிடைக்கும் முதற்பாடம்.

இசைத்துறையில் 1904ஆம் ஆண்டு ஒரு திருப்பம் நிகழ்ந்தது. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் தெலுங்கில் எழுதிய சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அவ்வாண்டு அச்சேறியது. ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்குச் சென்ற கீர்த்தனைகள் சுரம், தாளம், கமகக் குறிகளுடன் ஏட்டில் நின்றன. அடுத்த ஆண்டே தொடக்கநிலை மாணவர்க்கெனத் தனி நூல் ஒன்றையும் அவர் வெளியிட்டார். பெரும்புலவர் ஒருவர் தம் பேருழைப்பு முடிந்த கையோடு முதற்பாட மாணவரை நினைத்தார் என்பது கருதத்தக்கது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு தமிழிசை இயக்கம் எழுந்தபோது இத்தேவை மீண்டும் முன்வந்தது. தமிழில் பாடுங்கள் என்று முழங்குவது எளிது. பாடகர் கையில் பாட்டு வேண்டுமே! ஆகவே பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்புடன் வரிசையாக வெளியிட்டது. இயக்கம் நிலைபெற மேடை முழக்கத்தோடு அந்த நூல்வரிசையும் உழைத்தது.

ஆனால் அவை இசை பயில முன்வந்தோர்க்கு உரியவை. பொதுவாக எல்லாப் பிள்ளைகளையும் நினைத்துச் செய்யப்பட்ட பெருமுயற்சி, தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியமாகும். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, பெரியோர்க்குரிய கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளில் 1954 முதல் 1968 வரை நிறைவேற்றினார். உடனே பிள்ளைகளுக்கான களஞ்சியத்தைத் தொடங்கி, அதனையும் பத்துத் தொகுதிகளாக 1976இல் முடித்தார். தூரன் பதிப்பாசிரியர் மட்டுமல்லர், கவிஞர், இசைமேடைகளில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றியவர். கலையின் உள்ளிருந்தே பிள்ளைகளுக்கு எழுதியவர். இரு களஞ்சியங்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கக் கிடைக்கின்றன. எனினும் களஞ்சியம் என்பது அறிவிக்கும் நூல். வீணை எத்தகையது என்று அது சொல்லும். கொட்டாங்கச்சியில் நரம்பு கட்டி ஒலி எழுப்பிப் பார் என்று சொல்வது அதன் வேலையன்று. அவ்வேலையைச் செய்ய அதன் பக்கத்தில் வேறொரு நூல்வரிசை வந்திருக்க வேண்டும். அவ்வரிசை தமிழில் போதிய அளவு வளரவில்லை.

குழந்தைப் பாடல்களின் நிலையும் இதனை ஒத்ததே. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை வழிகாட்ட, அழ. வள்ளியப்பா அத்துறையைத் தழைக்கச் செய்தார். 1950இல் தோன்றிய குழந்தை எழுத்தாளர் சங்கம் பலரை எழுதவைத்தது. அப்பாடல்களின் சந்தம் பிள்ளைகளின் நாவில் தானே ஏறுவது. ஆயினும் பெரும்பாலான பாட்டுப் புத்தகங்களில் சொல் மட்டும் அச்சாயிற்று. மெட்டும் தாளமும் ஆசிரியரின் திறமைக்கு விடப்பட்டன. பாடத்தெரிந்த ஆசிரியரிடம் அது பாட்டாயிற்று. தெரியாதவரிடம் மனப்பாடச் செய்யுளாயிற்று. வங்கத்தில் தாகூர் 1930இல் வெளியிட்ட எழுத்தறிமுக நூலான ஸஹஜ் பாட்டுக்கு நந்தலால் போஸ் அச்சுச்செதுக்குப் படங்கள் அமைத்தார். அங்கே படத்தைச் சொல்லுக்கு அணியாக ஒட்டவில்லை. எழுத்தறியும் பிள்ளை அப்பொழுதே ஓவியத்தையும் அறியத்தொடங்கிற்று. கவிஞரும் ஓவியரும் முதலிலிருந்தே சேர்ந்து உழைத்தால் ஒரு சிறு நூல் எத்தகைய பயன் தரும் என்பதற்கு அது சான்று.

கூத்துக்கலையின் வரலாறு இன்னும் ஆழமான செய்தியைத் தருகிறது. வடதமிழகத்துக் கூத்துக்களின் பாடல்கள் மலிவுப் பதிப்புகளாகப் பலமுறை அச்சாகியுள்ளன. விருத்தம், தரு என்னும் பகுப்பும், இராகத்தின் பெயரும், தாளத்தின் பெயரும் பாட்டின் தலையில் இருக்கும். அதை வாங்கிய எவரும் அதைக்கொண்டு மட்டும் கூத்தாடிவிட முடியாது. அடி வைப்பதும், கிரீடமும் புஜக்கட்டையும் தாங்கிச் சுழல்வதும், விடியவிடியக் குரல் கெடாமல் பாடுவதும் ஆசிரியரிடம் பெற வேண்டியவை. இக்கல்வியைப் பெறச் சென்ற சிறுவர் பலர் பள்ளியை விட்டனர். பள்ளியில் நின்றவர் கூத்தை விட்டனர். இரண்டில் ஒன்றை இழந்தே மற்றதைப் பெற வேண்டியிருந்தது.

இந்த இழப்பை மாற்ற முனைந்தவர் கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால். அவரே இளவயதில் பள்ளிப்படிப்பை விட்டுத் தந்தையின் வழியில் கூத்துக்கு வந்தவர். 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் உருவாயிற்று. பின்னர் அவரும் ஆய்வாளர் ஹன்னா டி புருயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலத்தை 2002இல் தொடங்கினர். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப்பாடமும் கூத்தும் ஒருங்கே கற்றனர். ஆண்களே ஆடிவந்த அக்கலையைப் பெண்பிள்ளைகளும் முறையாகப் பயின்று மேடையேறினர். இளைய நடிகர்களின் வயதுக்கும் அளவுக்கும் ஏற்ற புதிய கூத்துக்களும் எழுதப்பட்டன. 2020இல் குருகுலம் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் நடந்த அம்முயற்சி, கலையும் கல்வியும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பதைக் காட்டிச் சென்றது. பயிற்சி நடந்த இடம் மூடப்படும்போது பயிற்றும் முறையேனும் நூலாக எஞ்ச வேண்டும் என்பது அதனைத் தொடர்ந்து எழும் எண்ணம்.

இனி இவ்வட்டாரத்து மண்ணை நோக்கலாம். நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் வெண்களிமண்ணும் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையும் பலரும் அறிந்தவை. மின்காப்புப் பொருள்களும் பொம்மைகளும் அங்கே உருவாகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அவ்வூரில் உண்டு. கூழாகக் கரைத்த களிமண்ணைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் ஏடாகப் படியும். எஞ்சிய கூழைக் கவிழ்த்தால் உள்ளீடற்ற பொம்மை கிடைக்கும். பின்பு உலர்த்திச் சுட்டு, மெருகு பூசி மீண்டும் சூளையில் வைப்பர். ஊர்ப்புறக் குயவர் ஐயனார் குதிரையை வேறு வழியில் செய்வர். மண்ணோடு மணலும் உமியும் பிசைந்து, உள்ளீடற்றதாகப் பகுதி பகுதியாக வனைந்து இணைப்பர். சூளையில் அது வெடியாமல் இருப்பதற்கு அக்கலவையும் அவ்வமைப்புமே காரணம்.

இத்தனை அறிவும் சூழ இருக்கையில், இவ்வட்டாரப் பள்ளிப்பிள்ளை களிமண்ணில் ஒரு யானை செய்தால் மறுநாள் அது பிளந்துகிடக்கிறது. மண்ணை நன்கு பிசைந்து காற்றை நீக்க வேண்டும். பருத்த உடலைக் குடைந்துவிட வேண்டும். காலையும் துதிக்கையையும் ஒட்டுமுன் இரு பக்கமும் கீறிச் சேற்றுக்கூழ் தடவ வேண்டும். வெயிலில் வையாது நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். இந்நான்கையும் சொல்ல ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கம் பிள்ளையின் கைக்கு வந்து சேரவில்லை.

சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத், 1944 முதல் 1962 வரை சேவாகிராமத்தில் காந்தியடிகளின் ஆதாரக் கல்விப் பள்ளியில் கலையாசிரியராக இருந்தார். அவர் மட்பாண்டக் கலைஞருங்கூட. கலையே கல்விக்கு அடிப்படை என்று தாம் கண்டதை அவர் எழுதிய நூலை 1998இல் நேஷனல் புக் டிரஸ்ட் ஆங்கிலத்தில் வெளியிட்டது. பிள்ளையின் படத்தைத் திருத்த விரையாமல், அது எதைச் சொல்ல முயல்கிறது என்று ஆசிரியர் முதலில் காண வேண்டும் என்னும் மனப்பாங்கு அவர் வழியில் முதன்மையானது. பயிற்றும் நூல் எழுதுவோர்க்கும் இது பொருந்தும். வரைந்து காட்டிய மாம்பழத்தை அப்படியே பார்த்து வரைக என்னும் நூல் ஒரே மாம்பழத்தை ஆயிரம் முறை பெறும். தெருவில் உள்ள மாமரத்தின் கீழே அமரச் செய்யும் நூல் ஆயிரம் மாம்பழங்களைப் பெறும்.

பள்ளிகளின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் தகும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு மாணவர்க்குமேல் இருந்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்றது. அதன்படி தமிழ்நாட்டில் ஓவியம், இசை, உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் 2012இல் மாதம் ரூ.5,000 ஊதியத்தில் அமர்த்தப்பட்டனர். 2022இல் அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா தொடங்கப்பட்டபின் பிள்ளைகளின் ஆர்வம் வெளிப்பட்டுள்ளது. ஆனால் போட்டிக்கு முந்தைய சில வாரப் பயிற்சி கலைக்கல்வி ஆகாது. நூறு பிள்ளைகளுக்குக் குறைந்த சிற்றூர்ப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லை. அங்கே எல்லாப் பாடமும் நடத்தும் ஒருவரே கலையையும் நடத்த வேண்டும். நல்ல நூலின் தேவை அவருக்கே மிகுதி.

அந்நூல் எவ்வாறு இருத்தல் நலம்? பக்கம் குறைவாகவும் எழுத்துப் பெரிதாகவும் இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டாத பொருள்களாகிய களிமண், கரித்துண்டு, ஓலை, கொட்டாங்கச்சி ஆகியவற்றைக்கொண்டு தொடங்க வேண்டும். ஒவ்வொரு பாடமும் பிள்ளை செய்து முடிக்கும் ஒரு செயலில் நிறைவுற வேண்டும். பாட்டு இருந்தால் தட்டவேண்டிய தாளம் அசைக்கு மேலே குறிக்கப்பட வேண்டும். ஊரில் உள்ள குயவர், பம்பைக்காரர், கூத்தர், கோலமிடும் மூதாட்டி ஆகியோரிடம் பிள்ளையை அனுப்பிக் கேட்டுவரச் செய்ய வேண்டும். ஆசிரியரின் இடத்தைப் பிடிக்க முயலாது, ஆசிரியரிடம் கொண்டுசேர்க்கும் நூலே நிலைக்கும்.

இதனைக் கவிஞர்கள் கூடிய அவையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. செய்முறையைச் சுருங்கச் சொல்லவும், சொன்னது நாவில் நிற்கவும் சந்தம் வேண்டும். அரிச்சுவடியும் வாய்பாடும் அவ்வாறே தலைமுறைகளைக் கடந்தன. மண் பிசைவதற்கு ஒரு பாட்டும், கோலப்புள்ளி வைப்பதற்கு ஒரு பாட்டும், தவில் சொற்கட்டை நாவில் ஏற்ற ஒரு பாட்டும் எழுத வல்லவர் இவ்வவையில் இருக்கிறார்கள். மணிமுத்தாற்றில் பொன்னை இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த சுந்தரர் கதையைச் சொல்லி வளர்ந்தது இவ்வட்டாரம். இறைவன் அருளால் அது சுந்தரர்க்குக் கூடிற்று. மற்றவர்கள் இட்ட இடத்தில்தான் தேட வேண்டும். பள்ளியில் எதையும் இடாமல் நாளைய கவியரங்கில் இளங்கவிஞரையும் கலைஞரையும் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

பதினோராம் ஆண்டில் இவ்வட்டம் முப்பத்திரண்டு பக்கங்களில் ஒரு நூல் செய்யட்டும். பொருள் களிமண்ணாக இருக்கட்டும். ஒரு கவிஞரும் ஒரு குயவரும் ஓர் ஓவியரும் ஓர் ஆசிரியரும் சேர்ந்து அதை எழுதட்டும். அச்சுக்குக் கொடுப்பதற்குமுன் ஒரு பள்ளியில் பிள்ளைகளிடம் கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்லட்டும். எந்தப் பக்கத்தில் அவர்கள் தயங்கி நிற்கிறார்களோ அந்தப் பக்கத்தைத் திருத்தட்டும். அவ்வாறு வெளிவரும் நூல் இப்பத்தாண்டுப் பணிக்குத் தக்க தொடர்ச்சியாகும்.

வாழ்க இலக்கிய வட்டம்!